நாற்பது வயது அல்லி

நாற்பது வயது அல்லிக்குத் தொண்டை கொஞ்சம் கரகரத்திருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம். மற்றபடி அதே குரல், வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும் அதே அவசரம்.

"ஆமா, எனக்குச் சம்மதம்தான். சிகரம் ஸ்கூல்ல சேர்த்துவிட்டதுக்கு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். அப்ப ஒரே அழுகைன்னு சொல்லுவாங்க. எனக்கு ஞாபகம்கூட இல்ல."

ஒலிபெருக்கி அணைந்தது. தலைமையாசிரியை எழுந்து கோகுலிடம் கை நீட்டினார். "சாட்சி சொல்லியாச்சு. வாழ்த்துகள் சார்." கோகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை குலுக்கினான். பக்கத்தில் அவன் மனைவி நிரஞ்சனா எழுந்திருக்கவில்லை. மகள் நாற்பது வயதில் பேசுவதைக் கேட்டால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு நிறையும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அவள் அணைந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பெஞ்சில் பத்து வயது அல்லி வகுப்பாசிரியையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"மிஸ், அந்த சிகரம் ஹாஸ்டல் எனக்கு வேணாம்னு எழுதியே குடுத்தேனே?"

"அதான் வேணும்னு நீயே சொல்லிட்டியே, கண்ணு."

"நான் எப்ப மிஸ் சொன்னேன்?"

"பெரியவளாகிச் சொன்னே" என்றார் ஆசிரியை. சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷி. எத்தனையோ பிள்ளைகளிடம் இதே வேடிக்கையைச் சொல்லியிருப்பார்.

நிரஞ்சனா முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்றால் சொந்தக்காரர்கள் வாயெல்லாம் பல்லாக மகிழ்வார்கள். எதில் என்று கேட்டு, கல்வி மெய்யியல் என்று பதில் வந்ததும் அந்தப் பல் ஒவ்வொன்றாக மறையும். "பி.எட். மாதிரியாம்மா?" என்று ஒரு சித்தப்பா எல்லாக் கல்யாணத்திலும் கேட்பார். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது பி.எட்., சொல்லிக்கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது என் படிப்பு என்று அவளும் எல்லாக் கல்யாணத்திலும் விளக்குவாள். சித்தப்பா அதற்குள் பாயசத்துக்குத் திரும்பியிருப்பார்.

அப்படி யாரும் சீந்தாமல் கிடந்த துறைதான், புதுக்கோட்டைச் சாலையில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் மூலையில். அதை இழுத்து மூட உத்தரவு தயாரான நேரத்தில்தான் பேராசிரியர் ரெஜினா ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளைக் கேட்காமலேயே அவர்களை ஆளாக்குகிறோம். கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்த ஆள் இன்னும் உருவாகவில்லை. படித்து முடித்த பிறகுதான் அந்த ஆள் வருவான். ஆகவே பிள்ளையின் 'வேண்டாம்' பதிலே அல்ல, பெரியவனாகி அவன் சொல்வதுதான் பதில். கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். இதெல்லாம் காற்றில் கட்டுகிற வீடு, பெரியவனை எங்கே போய்ப் பிடிப்பது என்று சக பேராசிரியர்கள் கேலி செய்தார்கள். சில வருடங்களில் பிடித்துவிட்டார்கள். பிறந்தது முதலான மருத்துவப் பதிவு, பள்ளி மின்பலகையில் பதிந்த ஒவ்வொரு கிறுக்கல், பேச்சு, மூளைப் படம் எல்லாவற்றையும் ஊட்டினால், ஒரு குழந்தையை முப்பது வருடம் வளர்த்து நிறுத்துகிற கருவி வந்தது. எந்தப் பள்ளியில் போட்டு வளர்க்க வேண்டும் என்று சொன்னால் போதும். வளர்ந்து நிற்பவளிடம் ஒரே ஒரு கேள்வி: இந்தப் படிப்புக்கு உங்கள் சம்மதம் உண்டா? அவளுக்குச் சாட்சி என்று பெயர் வைத்தார்கள். ரெஜினாவின் கட்டுரை சட்டமாயிற்று, துறைக்குப் புதுக் கட்டடம் வந்தது, நிரஞ்சனாவுக்கு அங்கே ஆய்வு செய்ய இடம் கிடைத்தது.

கோகுலைக் குறை சொல்ல முடியாது. அவன் படிப்பை யாரும் யோசித்துச் செய்யவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளி இருந்ததோ அதில் தள்ளிவிட்டார்கள். "நம்ம பொண்ணுக்கு இப்படி ஒரு இடம் கிடைச்சு, அவளே சந்தோஷம்னு சொல்லியும் நீ இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா நான் என்ன பண்றது?" என்றான் வீட்டுக்கு வந்ததும். பெற்றோரில் ஒருவர் மறுக்க நினைத்தால் ஒரு கெடு நாள் உண்டு. அதற்குள் மறுத்தால் இடம் வேறு பிள்ளைக்குப் போகும், தவறினால் அல்லி போக வேண்டியதுதான். அந்தக் கெடு, நிரஞ்சனாவின் வாய்மொழித் தேர்வு நாளிலேயே வந்து விழுந்திருந்தது.

ஊரில் உள்ள பெற்றோருக்குச் சாட்சியை ஒரு முறைதான் கேட்க முடியும். ஆய்வாளர்களுக்கு அப்படியில்லை. பெற்றோர் அனுமதித்த பிள்ளைகளை எத்தனை வழிகளில் வேண்டுமானாலும் வளர்த்துப் பார்க்கலாம். அப்படி நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்துப் பார்த்துத்தான் நிரஞ்சனா தன் ஆய்வேட்டை எழுதியிருந்தாள். எல்லாச் சாட்சிகளும் சம்மதம் என்றே சொல்லியிருந்தன. இதில் ஏதோ இடிக்கிறது என்று அவளுக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். ஆனால் ஊரார் பிள்ளைகளிடம் மோசமான வழிகளைச் சோதித்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. இப்போது தன் பிள்ளைக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் உள்ளூர்ப் பள்ளி. "சம்மதம்" என்றாள் நாற்பது வயது அல்லி. "நல்லவேளை, அம்மா என்னை அந்த ஹாஸ்டலுக்கு அனுப்பலை."

நிரஞ்சனா ஒரு கணம் தயங்கினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளிட்டாள். ஆறாம் வகுப்போடு நிறுத்தம். வீட்டில் எதிர்த்துப் பேசக் கூடாது. பதினெட்டில் கல்யாணம்.

கருவி அதிக நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்குச் சம்மதம்தாங்க" என்றது குரல். மரியாதையாக, மெதுவாக, நடுவில் மூச்சு வாங்காமல். "அம்மா எனக்கு நல்லதுதான் செஞ்சாங்க. படிச்சவங்க எல்லாம் என்ன கிழிச்சிட்டாங்க? எனக்கு ஒரு குறையும் இல்ல. என் பொண்ணுக்கும் அப்படியே பண்ணிடலாம்னு இருக்கேன்."

நிரஞ்சனா கருவியை அணைத்துவிட்டு அழுதாள். ஆய்வு செய்கிறவர்கள் அழக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மறுநாள் ரெஜினாவின் அறை. மேடம் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, முதல் கோப்பையை மாணவிக்குத் தள்ளுவார். அவ்வளவு நல்ல நெறியாளர் கிடைப்பது அபூர்வம் என்று நிரஞ்சனாவே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

"மேடம், சாட்சி எதுக்கும் ஆமான்னுதான் சொல்லுது. என் பொண்ணோட படிப்பையே நிறுத்திப் பார்த்தேன். அதுக்கும் நன்றி சொல்றா."

"சந்தோஷமா இருக்காளா?"

"இருக்கா."

"பின்ன என்னம்மா உனக்குப் பிரச்சினை?"

"நாம எந்த அச்சுல வார்க்கிறோமோ, அது நல்ல அச்சுன்னுதானே மேடம் அவ சொல்லுவா? அந்த வாயும் அதே அச்சுல வார்த்ததுதானே. அது எப்படிச் சம்மதமாகும்? இதை வெச்சு இன்னிக்கு இருக்கிற பிள்ளையோட 'வேணாம்'ஐத் தூக்கிக் குப்பையில போடறோம்."

ரெஜினா கோபப்படவில்லை. "உன் ஆய்வேட்டு முதல் பக்கத்துல எனக்கு நன்றி எழுதியிருக்கே. உன் முதல் மூணு அத்தியாயத்தையும் நான் திருப்பி அனுப்பினேன், வீட்டுக்குப் போய் அழுதேன்னு நீயே சொல்லியிருக்கே. அந்த நன்றி மனசார எழுதினதா, இல்ல அதுவும் நான் வார்த்ததா?"

நிரஞ்சனா மனசாரத்தான் எழுதியிருந்தாள்.

"கடைசி அத்தியாயமா இதைச் சேர்த்துக்கோ, நான் தடுக்கலை" என்றார் ரெஜினா. "ஆனா ஒண்ணு. உன் வாதமே, சாட்சிக்கு ஆமான்னு மட்டும்தான் சொல்லத் தெரியும்ங்கறது. எங்காவது ஒரே ஒரு 'இல்லை' கிடைச்சா, அதுக்கு மறுக்கவும் தெரியும்னு ஆயிடும். அப்ப மத்த சம்மதம் எல்லாம் உண்மையான சம்மதம்தான். உன் அத்தியாயம் செத்துடும். நல்லாத் தேடிட்டியா?"

நன்றாகத் தேடிவிட்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் மேடத்தின் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மற்றப் பிள்ளைகளின் பதிவுகளில் பள்ளி மட்டும்தான் இருந்தது. ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது அல்லி விஷயத்தில் மட்டும்தான். மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். உள்ளூர்ப் பள்ளி என்று போட்டாள். அதன் கீழே, வெட்கப்பட்டுக்கொண்டே, தான் எப்படிப்பட்ட தாயாக இருக்க ஆசைப்பட்டாளோ அதை எழுதினாள். இவளிடம் எதுவும் மறைக்கப்படாது. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையான பதில் கிடைக்கும். யாரையும் எதிர்த்துக் கேட்கலாம், அம்மாவையும் சேர்த்து.

வழக்கமான கேள்வி போயிற்று. இந்தப் படிப்புக்கு உங்கள் சம்மதம் உண்டா?

"இல்லை" என்றது குரல்.

நிரஞ்சனா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இது அல்லிதான். அந்த அவசரமும் அந்த மூச்சும் இருந்தன. இத்தனை நாள் கேட்ட எந்தக் குரலிலும் இவ்வளவு அல்லி இல்லை.

"ஏன்?" என்று கேட்டாள்.

"காரணம் சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கா? அந்தச் சின்னப் பொண்ணு பேருல சம்மதம் குடுக்க நான் யாரு? அவ அங்கதானே இருக்கா, அவளைக் கேளுங்க." கொஞ்சம் நிறுத்தி, "கேக்கறது எங்கம்மாவா?"

"ஆமா."

"குரலே மறந்துபோச்சு. நாம பேசிப் பல வருஷம் ஆச்சு" என்றாள் அல்லி. அதற்கு மேல் எதைக் கேட்டும் பதில் வரவில்லை.

அன்று முழுவதும் நிரஞ்சனாவுக்குச் சோறு இறங்கவில்லை. உலகத்திலேயே ஒருத்திதான் சாட்சி சொல்ல மறுத்திருக்கிறாள். அவள் தன் மகள். பெருமையில் நெஞ்சு விம்மியது. அந்த ஒருத்திதான் தன்னோடு பேசாமல் போகிறவளும். இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பார்ப்பது தானாகப் பதிவில் ஏறாது, வெளியே சொன்னால்தான் ஏறும். சாட்சி மறுத்த வழி அப்படி ஏறினால் அந்தப் பிள்ளைக்கு அந்த வழி அடைக்கப்படும். மீறுகிற வீட்டுக்குக் கண்காணிப்பாளர் வருவார். சட்டம் அப்படி.

வைவா என்று மாணவர்கள் சொல்கிற வாய்மொழித் தேர்வு ஒரு கல்யாணம் மாதிரி. பட்டுப்புடவை, கேசரி, புறத்தேர்வாளருக்குப் பொன்னாடை. எல்லாம் முன்கூட்டியே முடிவானது. பார்வையாளர்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. இன்ன கேள்வியை இன்னார் கேட்பது என்று நண்பர்களிடம் முன்தினமே பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம். நெறியாளர் தன் மாணவியை ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பெண்ணைப் பெற்றவர் போல.

நிரஞ்சனா நன்றாகப் பேசினாள், குழந்தையின் சம்மதம்தான் சம்மதம் என்கிற புதுக் கடைசி அத்தியாயம் உட்பட. பின்வரிசையில் கோகுலும் அல்லியும் இருந்தார்கள். வேலூரிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் ரஹீம் இரண்டு கேள்வி கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். நண்பர்கள் தங்கள் பங்குக் கேள்விகளை மறக்காமல் கேட்டார்கள். கேசரி மணம் உள்ளே வரத் தொடங்கியது. அப்போது ரெஜினா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நெறியாளர் கேட்கக் கூடாதுதான். இருந்தாலும் கேட்கிறேன். ஒரு சாட்சிகூட 'இல்லை' என்று சொல்லவில்லையா?"

உண்மையைச் சொன்னால் அத்தியாயம் போகும். அது போனால் போகட்டும், இன்னொன்று எழுதலாம். ஆனால் அந்த வழி பதிவில் ஏறிவிடும். கேள்வி கேட்கிற, மூச்சு வாங்கிப் பேசுகிற அந்த அல்லி எங்குமே பிறக்காமல் போவாள்.

"இல்லை மேடம்" என்றாள் நிரஞ்சனா. "ஒன்றுகூட இல்லை."

ரெஜினா அவளையே பார்த்தார். பிறகு, "நன்றி. திருப்தி" என்றார். கைத்தட்டல் எழுந்தது. பொய்யே சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு முழுப் பிரிவு எழுதியிருந்தவள், ஒரு பொய்யைச் சொல்லி முனைவர் நிரஞ்சனா ஆனாள்.

கூட்டம் கேசரிப் பக்கம் நகர்ந்தபோது ரெஜினா அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போனார். அந்த முகம் திடீரென்று மூப்படைந்திருந்தது.

"உனக்கும் ஒண்ணு கிடைச்சிருக்கு. இல்ல?"

நிரஞ்சனா யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் கிடைச்சுது. இந்தக் கருவி வந்த புதுசுல என் பையனுக்கு ஓட்டிப் பார்த்தேன். ஒரு வழியில, 'நீங்க யாரு என்னைக் கேக்க?'ன்னு கத்தினான். நான் பயந்து அதை அழிச்சிட்டு, வேற வழியைத் தேர்ந்தெடுத்தேன். இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றான். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிட்டுத்தான் வைக்கிறான்." ரெஜினா சிரிக்க முயன்றார். "அந்தக் கத்தலை ஒரு தடவை திரும்பக் கேக்க மாட்டோமான்னு இருக்கும்மா. ஆனா ஞாயித்துக்கிழமை போன் வரலைன்னாலும் என்னால தாங்க முடியாது. நீ என்ன பண்ணப் போறேன்னு நான் கேக்கலை."

கோகுல் காரை எடுக்கப் போயிருந்தான். ஜெராக்ஸ் கடை வாசலில் அல்லி நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் நேராகவே ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்த மேடத்துக்கிட்ட நீ பொய் சொன்னே. பொய் சொன்னா உன் குரல் மெலிசாயிடும்."

மறைக்கக் கூடாது என்று எழுதியவள் அவள்தானே. "ஆமாடி" என்றாள். "ஒருத்தி 'இல்லை'ன்னு சொன்னா."

"யாரு?"

"நீதான். பெரிய நீ."

சம்மதம் என்பதற்கு மேல் சாட்சி சொன்ன எதையும் பிள்ளைகளிடம் சொல்வது சட்டப்படி குற்றம். நிரஞ்சனா எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஸ்டலுக்குப் போன அல்லியை, படிப்பை நிறுத்திய அல்லியை, கடைசியாகப் பேசிய அல்லியை. அல்லி பெரிய மனுஷி போலக் கேட்டுக்கொண்டாள்.

"கடைசி நான் நல்லா இருந்தேனா?"

"ரொம்பக் கெட்டிக்காரியா இருந்தே. உன்னை மாதிரியே இருந்தே."

"ஆனா உன்கூடப் பேச மாட்டேனா?"

"பேசறதில்லைன்னு சொன்னே."

"ஏன்?"

"தெரியலை. நீ சொல்லலை."

"ஹாஸ்டல் போனா பேசுவேனா?"

"பேசுவே. நன்றிகூடச் சொல்லுவே."

அல்லி கீழே கிடந்த ஒரு தாளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். நிரஞ்சனா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பட்டுப்புடவை மண்ணில் புரண்டது. "இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் உன்னை ஒழுங்காக் கேக்கலை. நான் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்? நீ சொல்றதுதான்."

"நெஜமா?"

"நெஜமா."

அல்லி அந்தத் தாளைக் குனிந்து எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"நான் ஹாஸ்டலுக்கே போறேம்மா."

"உனக்குத்தான் பிடிக்கலையே?"

"பிடிக்கலைதான். அங்க போனா இப்படி எல்லாம் கேள்வி கேக்க முடியாது, தெரியும். ஆனா உன்கிட்ட பேசாம எல்லாம் என்னால இருக்க முடியாது. அதுக்கு இதுவே பரவாயில்லை."

குழந்தையின் சம்மதம்தான் சம்மதம், நாளைக்கு வரப்போகிறவளுடையது அல்ல. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நிரஞ்சனா இதைச் சொல்லித்தான் கைத்தட்டல் வாங்கியிருந்தாள். இதோ அந்தச் சம்மதம். எல்லா உண்மையையும் கேட்டு, லாப நஷ்டத்தை யோசித்து, தெளிவாகச் சொல்லப்பட்டது. எந்தத் தேர்வாளரும் குறை காண முடியாது. தன்மேல் வைத்த அன்புக்காகத் தன் பிள்ளை தன்னையே விட்டுக்கொடுக்கிறாள் என்பதை அவளால் பொறுக்கவே முடியவில்லை. முப்பது வருடம் நன்றி கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாயாக அவளால் ஆக முடியாது.

கைப்பேசியை எடுத்தாள். சிகரம் பள்ளியின் பக்கத்தைத் திறந்து, 'மறுக்கிறேன்' என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். உறுதியா என்று அது கேட்டது. மறுபடியும் வைத்தாள்.

அல்லி எட்டிப் பார்த்தாள். "என்னம்மா பண்ணே?"

"நீ போக வேணாம். இங்கேயே என்கூட இரு."

"நான்தான் போறேன்னு சொன்னேனே."

"உனக்கு இப்பப் புரியாதுடி. பெரியவளானா புரியும்." சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவள் காதிலேயே விழுந்தது.

அல்லி அவளைப் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கும்மா என்னைக் கேட்டே?"

பதிலுக்காக நின்றாள். கார் வந்து நின்றது. அல்லி முன் கதவைத் திறந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும்வரை அவரோடு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.